மூன்று சதுரங்களும் 54 நிறுவல்களும்: கணிதப் புதிர்களைக் கூடித் தீர்த்தல்

கணிதப் புதிர் என்றதும் தாளும் பென்சிலுமாகத் தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பள்ளித் தேர்வு நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்ப்பது அங்கே குற்றம். ஆனால் தேர்வு அறைக்கு வெளியே வேறொரு பழக்கமும் உண்டு. ஒருவர் ஒரு கேள்வியைப் பொதுவில் வைப்பார். அவரை முன்பின் அறியாத இன்னொருவர் விடை அனுப்புவார். மூன்றாமவர் அதைவிடச் சுருக்கமான வழியைக் காட்டுவார். முந்நூறு ஆண்டுகளாக இது அச்சிலும் கடிதத்திலும் நடந்தது. இன்று இணையத்தில் நடக்கிறது.

இதில் என்ன இன்பம்? விடையை வேறொருவர் சொல்லிவிட்டால் புதிர் அங்கேயே முடிந்துவிடாதா? ஓர் எளிய வடிவியல் புதிரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

மூன்று சதுரப் புதிர்

ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வரிசையாக ஒட்டி வரையுங்கள். 3 கட்டம் நீளமும் 1 கட்டம் உயரமும் கொண்ட செவ்வகம் கிடைக்கும். அடிக்கோட்டில் இடமிருந்து வலமாகச் சதுரங்களின் மூலைகளுக்கு க, ச, ட, த என்று பெயரிடுங்கள். க-வுக்கு நேர் மேலே உள்ள இடது மேல் மூலை ப. இப்போது ப-விலிருந்து ச, ட, த ஆகிய மூன்று புள்ளிகளுக்கும் நேர்கோடுகள் வரையுங்கள். இந்தக் கோடுகள் ச, ட, த-வில் அடிக்கோட்டுடன் மூன்று கோணங்களை உண்டாக்குகின்றன. மூன்றையும் கூட்டினால் எத்தனை பாகை?

கோணமானியை வைத்துப் பார்த்தால் ச-வில் 45, ட-வில் ஏறத்தாழ 26.6, த-வில் ஏறத்தாழ 18.4 பாகை வரும். கூட்டினால் 90. விடை இதுதான், ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் கோணமானி 89.9-க்கும் 90-க்கும் வேறுபாடு காட்டாது. கூடுதல் துல்லியமாக 90 பாகைதானா, ஆம் எனில் ஏன் என்பதே உண்மையான புதிர். ச-வில் உள்ள கோணம் ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தால் ஆனது, எனவே அது 45 பாகை என்பதில் ஐயமில்லை. மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு 45 பாகை ஆகின்றன என்று காட்டிவிட்டால் போதும்.

மேலே படிக்கும் முன் பத்து நிமிடம் முயன்று பாருங்கள்.

நான்கு பேர், நான்கு வழிகள்

முதல் வழிக்குக் கட்ட நோட்டே போதும். ஒரு கட்டமூலையில் தொடங்குங்கள், அது அ. அங்கிருந்து 3 கட்டம் வலப்புறம், 1 கட்டம் மேலே சென்றால் ஆ. மீண்டும் அ-விலிருந்து 2 கட்டம் வலப்புறம், 1 கட்டம் கீழே சென்றால் இ. அஆ என்ற கோடு கிடைக்கோட்டுக்கு மேலே உண்டாக்கும் கோணம், நம் புதிரில் த-வில் இருந்த அதே கோணம். அஇ கீழே உண்டாக்குவது ட-வில் இருந்த கோணம். ஆக, நமக்கு வேண்டிய இரண்டு கோணங்களும் அ-வில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து அமர்ந்துவிட்டன. இனி இ-யிலிருந்து ஆ-வுக்குப் போங்கள்: 1 கட்டம் வலப்புறம், 2 கட்டம் மேலே. அஇ என்பது 2-க்கு 1 செவ்வகத்தின் மூலைவிட்டம், இஆ என்பது அதே செவ்வகத்தை 90 பாகை திருப்பி நிறுத்தியபோது வரும் மூலைவிட்டம். இரண்டின் நீளமும் ஒன்றே, இடையில் செங்கோணம். எனவே அஇஆ ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணம். அதில் அ-வில் உள்ள கோணம் 45 பாகை.

இரண்டாவது வழி பத்தாம் வகுப்பில் வரும் வடிவொத்த முக்கோணங்கள். பழைய படத்துக்கே திரும்புவோம். சட-வின் நீளம் 1, சப-வின் நீளம் √2, சத-வின் நீளம் 2. அதாவது சட : சப என்ற விகிதமும் சப : சத என்ற விகிதமும் ஒன்றே, இரண்டும் 1 : √2. சடப, சபத ஆகிய இரண்டு முக்கோணங்களுக்கும் ச-வில் உள்ள கோணம் பொது. எனவே அவை வடிவொத்தவை. இதனால் சிறிய முக்கோணத்தில் ப-வில் உள்ள கோணம், பெரிய முக்கோணத்தில் த-வில் உள்ள கோணத்துக்குச் சமம். இனிச் சிறிய முக்கோணத்தை மட்டும் பாருங்கள். அதன் ச மூலையின் வெளிக்கோணம் 45 பாகை. வெளிக்கோணம் என்பது எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதல். அந்த இரண்டில் ஒன்று ட-வில் உள்ள கோணம், மற்றது த-வின் கோணத்துக்குச் சமமானது. முடிந்தது.

மூன்றாவது வழி முக்கோணவியல். இரண்டு கோணங்களின் டேன் மதிப்புகள் 1/2, 1/3. கூடுதலின் டேன் மதிப்பைக் காணும் வாய்பாட்டில் மேலே 1/2 + 1/3 = 5/6, கீழே 1 − 1/6 = 5/6. ஈவு 1. டேன் மதிப்பு 1 ஆக உள்ள குறுங்கோணம் 45 பாகை.

நான்காவது வழி பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் படித்தவருக்குத் தோன்றும். வர்க்கம் −1 ஆக உள்ள கற்பனை அலகை இங்கே ஐ என்று குறிப்போம். இரண்டு கலப்பெண்களைப் பெருக்கும்போது அவற்றின் கோணங்கள் கூடும். (2 + ஐ) என்ற எண்ணின் கோணம் ட-வின் கோணம், (3 + ஐ) என்பதன் கோணம் த-வின் கோணம். பெருக்கினால் 6 + 5ஐ − 1, அதாவது 5 + 5ஐ. இரண்டு பகுதிகளும் சமமாக இருப்பதால் கோணம் 45 பாகை. இத்துடன் ச-வுக்குரிய (1 + ஐ)-யையும் பெருக்கினால் 10ஐ கிடைக்கிறது. அது நேர் செங்குத்தாக நிற்கும் எண், அதாவது 90 பாகை. எனக்கு இந்த நான்கில் மிகவும் பிடித்தது இதுதான். மூன்று சதுரங்களின் கதை முழுவதும் ஒரே ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகிறது.

நான்கும் சரியான நிறுவல்கள், ஆனால் ஒன்று தருவதை மற்றொன்று தருவதில்லை. கட்ட நோட்டு வழி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஒரு கட்டம் கீழே இறங்க வேண்டும் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. டேன் வழிக்கு யோசனையே தேவையில்லை, வாய்பாடு தெரிந்தால் அரை நிமிடம். ஆனால் படித்து முடித்தவருக்கு எதையோ கண்ணால் பார்த்த நிறைவு இருக்காது. வடிவொத்த முக்கோண வழி புதிதாக எதையும் வரையாமல், கொடுத்த படத்துக்குள்ளேயே விடையைக் காட்டுகிறது. கலப்பெண் வழி அடுத்த கேள்விகளுக்குக் கதவைத் திறக்கிறது. ஒரே ஆளுக்கு இந்த நான்கும் ஒரே நாளில் தோன்றுவது அரிது. நான்கு பேர் கூடினால் தோன்றும். அந்த நால்வரில் ஒருவர் பள்ளி மாணவராகவும் ஒருவர் பொறியாளராகவும் இருந்தால் இன்னும் எளிதாகத் தோன்றும்.

இந்தப் புதிரைச் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் தாம் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியின் மூலம் பரவலாக்கியவர் மார்ட்டின் கார்ட்னர். பின்னர் சார்ல்ஸ் டிரிக் என்ற புதிர் ஆர்வலர் இதற்கான வெவ்வேறு நிறுவல்களைத் தொகுத்து 1971-இல் பொழுதுபோக்குக் கணித இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவற்றின் எண்ணிக்கை 54. விடை எல்லாருக்கும் தெரிந்த புதிருக்கு 54 வழிகள்! விடை தெரிந்ததும் புதிர் முடிந்துவிடும் என்ற கவலைக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை.

அடுத்த கேள்வி

கூடித் தீர்ப்பதில் இன்னொரு பயன் உண்டு. விடை கண்டவர் நிம்மதியாக எழுந்து போகும் நேரத்தில் யாராவது ஒருவர், சதுரங்களை இன்னும் நீட்டினால் என்ன ஆகும் என்று கேட்பார்.

நீட்டிப் பார்ப்போம். 1 கட்டத்துக்கான கோணம், 2 கட்டத்துக்கும் 3 கட்டத்துக்கும் உரிய கோணங்களின் கூடுதல் என்று கண்டோம். 3 கட்டத்துக்கான கோணத்தை அதேபோல இரண்டாகப் பிரிக்க முடியுமா? முடியும். அது 5 கட்டம், 8 கட்டம் ஆகியவற்றின் கோணங்களுடைய கூடுதல். சரிபார்க்க: 1/5 + 1/8 = 13/40, 1 − 1/40 = 39/40, ஈவு 1/3. அடுத்து, 8 கட்டத்துக்கான கோணம் 13-க்கும் 21-க்கும் உரியவற்றின் கூடுதல். 1, 2, 3, 5, 8, 13, 21 என்று வரும் இந்த எண்களை அடையாளம் கண்டிருப்பீர்கள். முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சி எண்கள் இவை. மூன்று சதுரங்களில் தொடங்கிய படம், முடிவில்லாமல் பிரிந்துகொண்டே போகும் ஒரு தொடரின் முதல் படி என்று இப்போது தெரிகிறது. எல்லாப் படிகளிலும் இது ஏன் பொருந்துகிறது என்பதை நிறுவுவது உங்கள் பங்கு. முன்பு பார்த்த டேன் வாய்பாடே போதும்.

இணையத்துக்கு முன்

இலண்டனில் 1704 முதல் 1841 வரை ஆண்டுதோறும் வெளிவந்த லேடீஸ் டைரி என்ற பஞ்சாங்க இதழ், பெண் வாசகர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. அதில் கணிதக் கேள்விகள் வெளியாகும், பல செய்யுள் வடிவில் இருக்கும். (செய்யுளில் கணக்குக் கேட்பது நமக்கும் புதிதல்ல. தமிழில் கணக்கதிகாரம் என்ற நூலே அப்படி அமைந்தது.) வாசகர்கள் அனுப்பும் விடைகள் அடுத்த ஆண்டு இதழில் அச்சாகும். பலர் புனைபெயரில் எழுதினார்கள். புனைபெயர், பொதுவில் வைத்த கேள்வி, முகமறியாதவரின் விடை என்று இன்றைய இணையப் பழக்கங்கள் பல அங்கேயே இருக்கின்றன. காத்திருக்கும் காலம்தான் ஓர் ஆண்டிலிருந்து சில நிமிடங்களாகச் சுருங்கியிருக்கிறது.

சென்னையிலும் இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. துணை ஆட்சியராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். அதன் ஆய்விதழில் வாசகர்களுக்கான கேள்விப் பகுதி இருந்தது. அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாத சீனிவாச இராமானுஜன் 1911-இல் அதில் கேட்ட கேள்விகளில் ஒன்று இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன?

பல மாதங்கள் கழிந்தும் யாரும் தீர்வு அனுப்பவில்லை. இராமானுஜனே விடையைக் கொடுத்தார்: 3. அவர் கையாண்ட உத்தி எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் கிடைக்கும். 3 என்பது √(1 + 2×4). அந்த 4 என்பது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). இப்படி உள்ளே உள்ளே விரித்துக்கொண்டே போனால் கேள்வியில் உள்ள கோவை கிடைக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் கட்டாயம் எழுப்ப வேண்டிய ஐயமும் இதில் இருக்கிறது. இதே வித்தையை 4-இல் தொடங்கினால்? 4 என்பது √(1 + 2×7.5). 7.5-இன் வர்க்கம் 56.25, எனவே 7.5 என்பது √(1 + 3×18.41…). இதையும் முடிவில்லாமல் விரிக்கலாம். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லிவிடலாமா? முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதை விரித்து எழுதுவது மட்டும் காட்டிவிடாது. கோவையை ஒவ்வொரு படியிலும் வெட்டி நிறுத்தி, கிடைக்கும் எண்கள் எதை நோக்கிப் போகின்றன என்று பார்க்க வேண்டும். √(1 + 2) ஏறத்தாழ 1.73. அடுத்த படி 2.24, அதற்கடுத்து 2.56, பிறகு 2.76. இவை கூடிக்கொண்டே போகின்றன, 3-ஐத் தாண்டுவதில்லை, 3-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குகின்றன. இத்தகைய அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஒரு குறிப்பிட்ட மதிப்பை அடையும் என்பதற்கான கறாரான விளக்கத்தை எழுதியவரும் ஒரு தமிழர்தான். டி. விஜயராகவனின் அந்தக் குறிப்பு, 1927-இல் வெளியான இராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பில் இடம்பெற்றது. கேட்டவர் ஒருவர், விடையின் இடைவெளியை நிரப்பியவர் இன்னொருவர்.

கூட்டுப் புதிர் விளையாட்டில் பட்டம் தேவையில்லை என்பதற்கு மார்ஜரி ரைஸ் சான்று. கலிபோர்னியாவில் வாழ்ந்த இல்லத்தரசி, கணிதம் உயர்நிலைப் பள்ளியோடு சரி. எந்தெந்த வகைக் குவி ஐங்கோணங்களைக் கொண்டு தரை முழுவதும் இடைவெளி இல்லாமல் பதிக்கலாம் என்பது பற்றி 1975-இல் கார்ட்னர் எழுதியதைப் படித்தார். தமக்கென ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டு வீட்டிலேயே தேடத் தொடங்கினார். கார்ட்னருக்கு அவர் அனுப்பிய படங்கள் டோரிஸ் சாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியரிடம் சென்றன. அவர் பொறுமையாக அந்தக் குறியீட்டு முறையைக் கற்று, முடிவுகள் சரி என்று உறுதிசெய்தார். 1977-க்குள் ரைஸ் கண்டறிந்த புதிய வகைகள் நான்கு. இந்தக் கதையில் சாட்ஷ்னைடரின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. பழக்கமில்லாத குறியீட்டில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தை ஒதுக்கித் தள்ளாமல் படித்ததும் பெரிய வேலைதான்.

இணையம் மாற்றியவை

2018 வாக்கில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர் கேட்ரியோனா ஷியரர் வண்ணப் பேனாக்களால் வரைந்த வடிவியல் புதிர்களை டுவிட்டரில் வெளியிடத் தொடங்கினார். படத்தில் சில சதுரங்கள், ஓர் அரைவட்டம், நிழலிட்ட பகுதி. கேள்வி ஒரே வரி. மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் உலகின் பல மூலைகளிலிருந்து தீர்வுகள் வந்து குவிந்தன. ஒருவர் சமன்பாடு எழுதியிருப்பார், இன்னொருவர் படத்தைச் சற்றே சுழற்றிவிட்டு, பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருப்பார்.

ஆய்வுக் கணிதத்திலும் இது நடந்தது. 2009-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டிமோத்தி கவர்ஸ் ஒரு கடினமான கேள்வியைப் பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் சேர்ந்து முயலலாம் என்றார். பல பரிமாணங்களுக்கு விரித்த ஒரு வகை மூன்று-கட்ட ஆட்டத்தில், ஒரு நேர்வரிசைகூட அமையாமல் எத்தனைக் கட்டங்களை நிரப்ப முடியும் என்பது போன்ற கேள்வி அது. 37 நாட்களில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகள் எழுதினார்கள், கேள்வி தீர்ந்தது. பாலிமேத் என்று பெயர்பெற்ற இந்த முயற்சியின் ஆய்வுக் கட்டுரையும் டி. எச். ஜே. பாலிமேத் என்ற கூட்டுப் புனைபெயரிலேயே வெளிவந்தது. அரைகுறை யோசனைகளையும் உடனே எழுதிவிட வேண்டும் என்பது அங்கே விதி. தனியாக ஒரு மாதம் அடைகாக்க வேண்டியதை இன்னொருவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவைக்கக்கூடும் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

இதைவிட வேடிக்கையானது ஒரு கார்ட்டூன் தொடரில் தொடங்கிய புதிர். 2011-இல் ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றின் 14 பகுதிகளை எந்த வரிசையில் பார்ப்பது என்ற பேச்சு இணையத்தில் எழுந்தது. சாத்தியமான எல்லா வரிசைகளிலும் பார்த்துவிட வேண்டுமானால் குறைந்தது எத்தனைப் பகுதிகள் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். சிறிய எண்ணில் பார்த்தால் புரியும். 3 பகுதிகளுக்கு 6 வரிசைமாற்றங்கள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் 18. ஆனால் 123121321 என்று 9 பகுதிகள் பார்த்தாலே ஆறு வரிசைகளும் அதற்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. எண்ணிப் பாருங்கள்: 123, 231, 312, 213, 132, 321. 14 பகுதிகளுக்கு என்ன ஆகும்? பெயர் சொல்லாத ஒருவர் ஒரு கீழெல்லையை நிறுவிக் காட்டினார். குறைந்தது 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611 பகுதிகள் பார்த்தாக வேண்டும். கணித உலகம் இதைக் கவனிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 2018-இல் ராபின் ஹூஸ்டன் இதைச் சுட்டிக்காட்டியபின் கணிதவியலாளர்கள் சரிபார்த்து முறையான கட்டுரையாக எழுதினார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிரெக் ஈகன் அதே காலத்தில் ஒரு மேலெல்லையைக் கொடுத்தார். கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் என்பதில்தான் சிக்கல். பெயர் தெரியாத அந்தப் பதிவரையே முதல் ஆசிரியராகக் குறிப்பிட்டார்கள். நேர்மையான தீர்வு.

கூடித் தீர்ப்பதன் பண்புகள்

யார் முதலில் கண்டது என்பதை மறைக்காமல் சொல்வது அந்தப் பண்புகளில் ஒன்று. இன்னொன்று விடையை எப்போது சொல்வது என்பது. புதிரில் நமக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, புரியாமல் தவிக்கும் நேரத்தோடு பின்னிக் கிடக்கிறது. முயன்றுகொண்டிருப்பவரிடம் முழு நிறுவலையும் கொட்டிவிடுவது, சமைத்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவது போல. எனவே பழகியவர்கள் குறிப்பு மட்டும் கொடுப்பார்கள். மூன்று சதுரப் புதிரில், கீழே இன்னொரு வரிசை கட்டம் வரைந்து பாருங்கள் என்பது நல்ல குறிப்பு. இருசமபக்கச் செங்கோண முக்கோணம் ஒன்று வருகிறது என்றால் பாதி விடை போய்விட்டது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வீட்டுப்பாடக் கேள்வியை இணையத்தில் போட்டு, வரும் விடையை அப்படியே எழுதிக் கொடுப்பதும் வெளிப்பார்வைக்குக் கூடித் தீர்ப்பது போலவே இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மறுநாள் காலை, எதையும் பார்க்காமல், அதே நிறுவலை இன்னொருவருக்குச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது உங்களுடையதாகிவிட்டது, முதலில் யார் சொன்னதாக இருந்தாலும் சரி.

மூன்றாவது பண்பு ஐயப்படுவது. இணையப் புதிர்களில் படங்கள் அதிகம், படம் ஏமாற்றும். 8-க்கு 8 கட்டச் சதுரத்தை 8-க்கு 3, 8-க்கு 5 என்று இரு செவ்வகங்களாக வெட்டுங்கள். முதலாவதை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். இரண்டாவதை, இணைபக்கங்கள் 3-ம் 5-ம் ஆக உள்ள இரண்டு சரிவகங்களாக வெட்டுங்கள். இந்த நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 13-க்கு 5 செவ்வகம் வந்துவிடும். ஆனால் 8×8 = 64, 13×5 = 65. ஒரு கட்டம் எங்கிருந்து முளைத்தது? செவ்வகத்தின் மூலைவிட்டம் போலத் தெரிவது உண்மையில் ஒரே நேர்கோடு அல்ல. முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 2/5, அதாவது 0.4. நடுவில் மிக ஒல்லியான ஓர் இணைகரம் காலியாகக் கிடக்கிறது, அதன் பரப்பு சரியாக 1 கட்டம். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது ஒளிந்துகொள்கிறது. 3, 5, 8, 13 என்று இங்கும் பிபனாச்சி எண்களே வந்திருப்பது தற்செயல் அல்ல.

அப்படியானால் நாம் முதலில் பார்த்த கட்ட நோட்டு நிறுவலை மட்டும் எப்படி நம்புவது? அங்கே நாம் கண்ணை நம்பவில்லை. 2 வலப்புறம் 1 கீழே, 1 வலப்புறம் 2 மேலே என்று எண்களை நம்பினோம். படம் வழியைக் காட்டியது, எண்கள் அதை உறுதிசெய்தன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் வரும் ஜியோஜீப்ரா போன்ற கட்டணமில்லா மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். புள்ளியை இழுத்து இழுத்துப் பார்த்து, எது மாறவில்லை என்று கண்டுபிடிக்க அவை அருமையான கருவிகள். மாறாததற்குக் காரணத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு புதிர், ஒரு குறிப்பு

1922-இல் எட்வர்டு லாங்லி மேத்தமேட்டிக்கல் கெஸட் என்ற ஆங்கில இதழில் வெளியிட்ட புதிர் இது. அஆஇ என்ற இருசமபக்க முக்கோணத்தில் ஆ, இ ஆகிய மூலைகளின் கோணங்கள் 80 பாகை, உச்சி அ-வில் 20. ஆ-விலிருந்து எதிர்ப்பக்கம் அஇ-க்கு ஒரு கோடு வரைகிறோம், அது அடிப்பக்கத்துடன் 60 பாகை அமைத்து எதிர்ப்பக்கத்தை உ-வில் தொடுகிறது. இ-யிலிருந்து வரையும் கோடு அடிப்பக்கத்துடன் 50 பாகை அமைத்து அஆ-வை எ-யில் தொடுகிறது. உ, எ இரண்டையும் இணையுங்கள். ஆஉஎ என்ற கோணம் 30 பாகை என்று நிறுவ வேண்டும்.

முக்கோணத்தின் கோணங்கள் 180, நேர்கோட்டுக் கோணங்கள் 180 என்ற இரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனைச் சமன்பாடு எழுதினாலும் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். பக்கங்களின் நீளத்தை உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். குறிப்பு: ஆ-விலிருந்து அடிப்பக்கத்துடன் 20 பாகை அமைக்கும் இன்னொரு கோட்டை அஇ வரை நீட்டுங்கள். பிறகு, படத்தில் எந்தெந்தக் கோடுகள் அடிப்பக்கத்துக்குச் சமமான நீளம் உடையவை என்று எண்ணுங்கள்.